சங்கக்கடை நீதிமன்றத்தின் மொழிபெயர்ப்பாளர்

"தங்கச்சி, எனக்கு மூண்டு பாசை தண்ணிபட்ட பாடு. இந்த இத்தாலியன் ஒண்டுதான் நாக்கிலை ஏறுதில்லை."

பலெர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு தேவாலயத்தின் சிறு மண்டபத்தில், ஒரு வியாழக்கிழமை பிற்பகல் அவர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது. சொல்லிவிட்டு, தானே ஒரு நல்ல பகிடி விட்டதுபோலச் சிரித்தார். மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் இரண்டு பேனைகள், ஒன்று நீலம், மற்றது சிவப்பு. மாடிவீடுகளின் படிக்கட்டைக் கழுவிப் பிழைக்கிற ஒருவருக்கு இரண்டு பேனை எதற்கு என்று அங்கு காத்திருந்த எவரும் யோசித்திருக்கமாட்டார்கள். நான் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. அந்த மனிதரை நான் பார்த்தவுடனேயே அறிந்துகொண்டேன். அவருக்குத்தான் என்னைத் தெரியவில்லை. ஊரில் அவர் முன்னால் வரிசையில் நின்ற பெண்களின் முகத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கையில் என்ன கொண்டுவந்திருக்கிறார்கள் என்பதை மட்டுமே பார்ப்பார்.

இத்தாலியில் வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பிற்பகல் ஓய்வு. நான் கண்பார்வை போன ஒரு வயதான சிஞ்ஞோராவின் வீட்டில் இருந்தேன். சமையல், துப்புரவு எல்லாம் போக, காலையில் அவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவதும் என் வேலை. நான் பிழையாக உச்சரித்தால் அவர் மேசையில் விரலால் தட்டுவார். சரியாகச் சொல்லும்வரை தட்டிக்கொண்டே இருப்பார். அப்படித் தட்டித் தட்டி வந்ததுதான் என் இத்தாலியன். அதனால் வியாழக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் என்னை அந்த மண்டபத்துக்குக் கூப்பிடத் தொடங்கினார்கள். அங்கே ஒரு பெண் சட்டத்தரணி சம்பளமில்லாமல் வந்து உட்காருவார். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இல்லாதவர்கள், தஞ்சம் கேட்க விரும்புகிறவர்கள் தங்கள் கதையைச் சொல்ல, அவர் எழுதி ரோமுக்கு அனுப்புவார். இடையில் இருந்து மொழிபெயர்ப்பது நான்.

அந்த ஆண்டுகளில் பலெர்மோவின் தெருக்களில் இராணுவம் நின்றது. மாஃபியாக்காரர் நீதிபதிகளைக் குண்டுவைத்துக் கொன்ற பிறகு மற்ற நீதிபதிகளைக் காப்பாற்றுவதற்காக அரசாங்கம் அனுப்பிய ஆட்கள். நான் வந்த புதிதில் ஒரு சிப்பாயைக் கண்டால் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுவேன். என்னை அறியாமலே கை, அடையாள அட்டை வைக்கும் பையைத் தடவும். பிறகுதான் கவனித்தேன், அந்தச் சிப்பாய்கள் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு நீதிபதியின் வீட்டு வாசலில் சலித்துப்போய் நின்று, எதிர்க் கடையில் இருந்து யாராவது கோப்பி கொண்டுவருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீதிபதியின் கதவுக்கு வெளியே துவக்கோடு நிற்பதுதான் சிப்பாயின் வேலை என்பதை நான் அங்கேதான் கண்டேன். எங்கள் ஊரில் துவக்கு வைத்திருந்தவர் உள்ளேயே போய், நீதிபதியின் கதிரையிலும் உட்கார்ந்துவிட்டார்.

எங்களுடையது இலங்கையின் வடக்கில் ஒரு சிறு பட்டினம். பெயர் சொல்லமாட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இராணுவம் அதைப் பிடித்தபோது மாவட்ட நீதிபதி லீவு எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனவர், அந்த லீவு முடியவே இல்லை. நீதிமன்றக் கட்டடம் முகாமின் சமையல்கூடமாகியது. சாட்சிக் கூண்டுக்குள் வெங்காய மூட்டை அடுக்கியிருந்ததை எங்கள் தெருவில் இருந்த பழைய கோர்ட் முதலியார் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஊர் முழுவதுக்கும் பொறுப்பாக ஒரு மேஜர் இருந்தார். அவர் செவ்வாய், வெள்ளிகளில் கூட்டுறவுச் சங்கக்கடை விறாந்தையில் மேசை போட்டு உட்கார்ந்து "விசாரணை" நடத்துவார். சந்தேகத்தில் பிடித்தவர்களின் விசாரணை மட்டுமல்ல. வேலிச் சண்டை, மாட்டுப் பிரச்சினை, புருஷன் பெண்சாதி வழக்கு எல்லாம் அங்கேதான்.

அந்த மேஜர் கொடூரமான மனிதர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது அவருக்கு அளவுக்கு மீறிய மரியாதை. அவர் அலுப்புப் பிடித்த ஒரு மனிதர். ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். அவருடைய அணி நன்றாக அடித்தால் வழக்காளிக்கு நல்ல காலம். அண்ணன் தம்பி இரண்டு பேர் எல்லைவேலிக்காக வந்து நின்றபோது, வேலியே வேண்டாம் என்று பிடுங்கச் சொல்லி, அந்த நிலத்தால் முகாமுக்குப் பாதை போட்டார். ஒரு ஆட்டுக்கு இரண்டு பேர் உரிமை கேட்டு வந்தார்கள். யாருடையது என்று தெளிவில்லை என்று சொல்லி ஆட்டைச் சமையல்கூடத்துக்கு அனுப்பினார். அவருடைய தீர்ப்புகளில் அன்றைக்கே நிறைவேறியது அது ஒன்றுதான். இடம்பெயர்ந்தவர்களின் வீடுகளில் இருந்து தேக்கங் கதவுகளையும் யன்னல்களையும் கழற்றி, லொறியில் தெற்கே தன் சொந்த ஊருக்கு அனுப்பினார். அதற்கும் ரசீது உண்டு. "பாதுகாப்பின் நிமித்தம் அகற்றப்பட்டது" என்று அழகான கையெழுத்தில் எழுதி, வெறும் நிலைக்காலில் ஆணியால் அடித்துவிட்டுப் போவார்கள்.

அந்த அழகான கையெழுத்து மொழிபெயர்ப்பாளருடையது. கச்சேரி என்கிற மாவட்ட அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். மேஜருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் தெரியாது. அந்த இடைவெளியில் அவர் வீடு கட்டிக்கொண்டார். ஊரில் அவருக்கு "ஐயா" என்று மட்டுமே பெயர். அவர் ஒருநாளும் வாய் திறந்து எதையும் கேட்டதில்லை. அதை அவருக்குப் பெருமையாகவே சொல்வார்கள். அவர் பார்ப்பார். பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்பார். நல்ல சைக்கிள். நல்ல பசு, என்ன? நல்ல தகரம் போட்டிருக்கிறியள். அடுத்தநாள் விடிய அந்தச் சாமான் அவருடைய வளவில் நிற்கும். கொண்டுபோய் விட்டவர்கள் நாங்கள்தான். அவர் சைக்கிளில் போனால் எழும்பி நின்றவர்களும் நாங்கள்தான். என் தாயார் வருடப்பிறப்புக்கு அவர் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினார். அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு வருகிற அருவருப்பில் ஒரு பங்கு அந்தப் பலகாரத் தட்டுக்கும் உரியது.

என் அக்காவின் புருஷனுக்கு, எங்கள் அத்தானுக்கு, சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி இருந்தது. அவருடைய தகப்பன் கட்டிய போறணை. ஊரில் பாதிப்பேர் தின்ற பாண் அதில்தான் வெந்தது. அத்தான் அதிகம் பேசாத மனிதர். ஆனால் பேசத் தொடங்கினால் முழுதாகச் சொல்லி முடிக்காமல் விடமாட்டார். அதுதான் அவருக்கு வினையாகியது. வீதியில் ஒரு கண்ணிவெடி வெடித்த வாரம், ஊரில் பதினொரு பேரைப் பிடித்தார்கள். அத்தான் இயக்கப் பெடியளுக்குப் பாண் கொடுத்தார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு நானும் அக்காவும் போய் மற்றச் சனத்தோடு வெயிலில் நின்றோம்.

மேஜர் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "நீ அவையளுக்குப் பாண் குடுத்தனியோ எண்டு சேர் கேக்கிறார்."

அத்தான் தலையை நிமிர்த்தி ஆறுதலாகச் சொன்னார். "ஐயா, என்ரை கடைக்குத் துவக்கோடை வந்து கேட்ட எல்லாருக்கும் குடுத்திருக்கிறன். அவையள் வந்தும் எடுத்தவை, உங்கடை ஆமிக்காரரும் வந்து எடுத்தவை. ஒருத்தரும் என்னைக் கேட்டு எடுக்கேல்லை. துவக்கைக் கண்டாப்பிறகு நான் குடுக்கமாட்டன் எண்டு சொல்லேலுமே? சேரையே கேட்டுப்பாருங்கோ, அவர் என்ரை இடத்திலை நிண்டால் என்ன செய்வார் எண்டு."

மொழிபெயர்ப்பாளர் மேஜரின் பக்கம் குனிந்தார். "ஓவ் சேர், துன்னா" என்றார்.

மூன்று சொல். சிங்களம் தெரியாத எனக்கே அது விளங்கியது. ஓம் சேர், கொடுத்தார். அவ்வளவுதான். மேஜர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு கையை ஆட்டினார். அத்தானை உள்ளே கொண்டுபோனார்கள். அக்கா ஓடிப்போய் மொழிபெயர்ப்பாளரின் முன்னால் நின்று, "ஐயா, அவர் அப்பிடிச் சொல்லேல்லையே" என்று அழுதாள். அவர் பேனையை மூடிக்கொண்டே, "நான் பொய் சொன்னனானோ, பிள்ளை? குடுத்தன் எண்டுதானே அவரும் சொன்னவர்" என்றார். அவருடைய குரலில் கோபமில்லை. கணக்குச் சரியாக வந்த ஒரு வாத்தியாரின் குரல் அது.

அதற்குப் பிறகு அக்கா தினமும் முகாம் வாசலுக்குப் போனாள். ஒருநாள் மொழிபெயர்ப்பாளர் வீட்டுக்கே வந்தார். நாங்கள் தேத்தண்ணி கொடுத்தோம். குடித்துவிட்டு, பேக்கரிப் பக்கம் நடந்துபோய், ஆறிக் கிடந்த போறணையைச் சுற்றிப் பார்த்தார். "நல்ல போறணை" என்றார். அக்கா பாவம், "ஓம் ஐயா, இவற்றை அப்பு கட்டினது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சைக்கிளையும் பசுவையும் விளங்கிக்கொண்ட நாங்கள், ஒரு போறணையை ஒருவர் கேட்கக்கூடும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அடுத்த மாதம் அந்த மேஜர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் முதல் வாரமே, பிடித்து வைத்திருந்த எல்லாரையும் லொறியில் ஏற்றித் தெற்கே அனுப்பினார். எந்தச் சிறை, எந்த முகாம் என்று சொல்ல ஒருவருமில்லை. அதற்குப் பிறகு நான் இத்தாலிக்கு வந்தேன். அக்கா அங்கேயே இருந்தாள். பொட்டு வைப்பதா விடுவதா என்று ஊர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவள் வைத்தாள்.

மூன்று வருடத்துக்கு மேல் கழித்து, அந்த மனிதர்தான் பலெர்மோ மண்டபத்தில் என் எதிரில் உட்கார்ந்து, தனக்கு இத்தாலியன் நாக்கில் ஏறவில்லை என்று சிரித்தவர். அவருடைய முறை வந்தபோது நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க வேண்டும்போல இருந்தது.

சட்டத்தரணி ஐம்பது வயது கடந்தவர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு முக்கால் மணிநேரம் கதைத்தார். சனங்களுக்கும் இராணுவத்துக்கும் நடுவில் தான் ஒரு பாலமாக நின்றதாம். இரண்டு பக்கமும் தன்னைச் சந்தேகித்ததாம். புதிய மேஜர் வந்ததும் தன்னைப் பிடித்து, பழைய மேஜர் கொண்டுபோன கதவுகளுக்கு ரசீது எழுதியவன் நீதானே என்று கேட்டு நாற்பது நாள் அடைத்து வைத்து அடித்தார்களாம். சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். தழும்புகள் உண்மையானவை. அந்த அடி பழைய மேஜரின் முதுகில் விழுந்திருக்க வேண்டியது; ஆனால் அவர் தேக்கங் கதவு போட்ட வீட்டில் சுகமாக இருந்தார். இராணுவத்தின் நீதி தன் சொந்த வேலையாளிடமும் அந்த இலட்சணத்தில்தான் நடந்துகொண்டது.

அவர் நிறுத்தியதும் சட்டத்தரணி என்னைப் பார்த்தார். அந்தக் கணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இவர் இராணுவத்துக்கு வேலை செய்தவர்." இத்தாலியனிலும் அதற்கு நாலைந்து சொற்கள்தான் வேண்டும். அவை என் நாக்கின் நுனியில் வந்து நின்றன. பொய்யில்லை, அவரும் அதைத்தானே சொன்னார். முக்கால் மணிநேரக் கதையை ஒரு மூச்சில் சொல்லி முடித்து, அவரைத் தெருவுக்கு அனுப்பியிருக்கலாம். அவருக்கு இத்தாலியன் தெரியாது. யாருக்கும் தெரியவந்திராது. ஆனால் அந்தச் சொற்களைச் சொல்ல வாயைத் திறந்தபோது, அந்தச் சங்கக்கடை விறாந்தையில் அவர் குனிந்த விதம் ஞாபகம் வந்தது. எனக்கு அப்படிக் குனிய முடியாமல் போனது. இரக்கத்தால் அல்ல. அவரைப்போல் ஆவதற்கு எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் சொன்னது அத்தனையையும், பாலத்தையும் சேர்த்து, தழும்பையும் சேர்த்து, ஒன்றும் விடாமல் சொன்னேன்.

சட்டத்தரணி எழுதிக்கொண்டே கேட்டார்: சனங்களுக்கு உதவினேன் என்கிறீர்கள், ஒரு உதாரணம் சொல்லுங்கள். நான் அதைத் தமிழில் கேட்டேன்.

"எத்தினை பேரை விடுவிச்சிருக்கிறன்! ஒண்டைச் சொல்லுறன், எழுதச் சொல்லும் தங்கச்சி" என்றார். "எங்கடை ஊரிலை ஒரு பேக்கரிக்காரன் இருந்தவன். வாய்க்கொழுப்பாலை மாட்டுப்பட்டவன். நான் மேஜரிட்டைக் கெஞ்சி, நானே விடுதலைக் கடிதம் ரைப் பண்ணி, கையெழுத்தும் வாங்கினனான். மேஜர் என்ரை சொல்லைத் தட்டமாட்டார்."

 நான் கேட்டேன், சட்டத்தரணி கேட்காத கேள்வி: "கையெழுத்து வாங்கினனீங்களோ? எப்ப?"

"பிடிச்சு ரெண்டு மூண்டு கிழமைக்குள்ளையே."

"அப்ப அந்தக் கடிதம் எங்கை?"

"என்ரை மேசை லாச்சிக்குள்ளை இருந்தது."

"ஏன் லாச்சிக்குள்ளை?"

"அவையள் வந்து வாங்கோணும்தானே? வரேல்லை."

"அவற்றை மனிசி ஒவ்வொரு நாளும் வாசல்லை வந்து நிண்டவவே, ஐயா?"

"வந்தவ, வந்தவ. வந்தென்ன? விசயம் விளங்காத சனம். நான் வீட்டை போய்க்கூடப் பார்த்தனான். என்ரை மச்சானுக்கு ஒரு பேக்கரி நடத்த ஆசை..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"இவர் என்ன சொல்கிறார்?" என்று சட்டத்தரணி கேட்டார்.

நான் சொன்னேன். அவர் சொன்னதையும் நான் கேட்டதையும், கேள்விக்குக் கேள்வி, பதிலுக்குப் பதில் சொன்னேன். லாச்சி என்பதற்கு இத்தாலியச் சொல் உடனே வரவில்லை. மேசையைத் தொட்டு இழுத்துக் காட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் ஒரு மொழியையும் பேசியதில்லை. முடித்ததும் சட்டத்தரணி பேனையை வைத்துவிட்டு, அந்தப் பேக்கரிக்காரர் உங்களுக்கு யார் என்று கேட்டார். என் அக்காவின் கணவர் என்றேன். இப்போது எங்கே என்றார். தெரியாது என்றேன்.

 அவர், இனி இந்த மனிதருக்கு நான் மொழிபெயர்க்கக் கூடாது, அது முறையல்ல என்றார். அடுத்த கிழமைக்கு வேறு ஆளைத் தேடுவதாகச் சொன்னார். கடைசியாக ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லும்படி கேட்டார். ஒரு வெள்ளைத் தாளை மேசையில் அவர் பக்கமாகத் தள்ளினார். அந்த விடுதலைக் கடிதத்தைப் பற்றி, யார் கையெழுத்திட்டது, எந்த மாதம், எந்த முகாம், அதன் பிரதி எந்தக் கோவையில் இருக்கும், எல்லாவற்றையும் அவர் கைப்பட எழுதச் சொன்னார். "எழுதினால் உங்கள் விண்ணப்பத்துக்கு நல்லது என்று நான் சொல்லவில்லை. ஒருவேளை கெடுதலாகவும் இருக்கலாம்" என்றார். அதையும் மறைக்காமல் தமிழில் சொன்னேன்.

அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுத்திருந்தால் அவர்மீது எனக்கு ஒரு நெல்லளவாவது மதிப்பு வந்திருக்கும். அவர் உடனே சட்டைப் பையில் இருந்து நீலப் பேனையை எடுத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் சொல்வதை எழுதிப் பழகிய கை அது. மேஜர் இருந்தால் மேஜருக்கு, புதியவர் இருந்தால் புதியவருக்கு, ஒரு இத்தாலியப் பெண் இருந்தால் அவருக்கும். தமிழில் எழுதினார், சிங்களத்தில் எழுதினார், ஆங்கிலத்தில் எழுதினார். ஒரு வெட்டுத் திருத்தம் இல்லை. மேஜரின் பெயர், அலுவலக முத்திரை, கோவை வைக்கும் அலுமாரி என்று கேட்காததையும் எழுதினார். கீழே கையெழுத்திட்டு, சிவப்புப் பேனையால் ஒரு கோடும் இழுத்தார். இழுத்துவிட்டு, "காணுமோ எண்டு கேளும் தங்கச்சி" என்றார்.

சட்டத்தரணி தந்த அந்தத் தாளை அக்காவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதை நம்பி எடுத்துப் பேச கொழும்பில் ஒரு சட்டத்தரணி கிடைத்தார். முகாமின் பழைய கோவையில் பிரதி இருந்தது. நாங்கள் கேட்கும்வரை ஒருவரும் அந்தக் கோவையைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். கைதிகளின் பட்டியலைத் தேடியதில், மூன்று வருடங்களுக்கு முன்னால் விடுதலையான ஒருவர் இன்னும் தெற்கில் ஒரு தடுப்பு முகாமில் இருப்பது தெரியவந்தது. அரசாங்கத்தின் பக்கத்து வழக்கறிஞர் அதை "எழுத்துப் பிழை" என்று நீதிமன்றத்தில் சொன்னாராம். அக்கா கடிதத்தில் அந்த இரண்டு சொல்லையும் அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள். வேறு ஒரு கருத்தும் எழுதவில்லை.

அத்தான் வீட்டுக்கு வந்தார். இடது காது கேட்பதில்லை. போறணையின் செங்கற்களை இராணுவம் காவலரண் கட்டக் கழற்றிக்கொண்டு போயிருந்தது. அவர் வேறு கல்லுத் தேடி, பழையதில் பாதியளவுக்குச் சின்னதாக ஒன்று கட்டினார். நான் பலெர்மோவில் இருந்து ரெலிபோன் எடுத்தபோது, அந்தக் கடிதம் லாச்சியில் கிடந்த கதையை அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. "நான் அண்டைக்குக் கொஞ்சம் நீட்டிக் கதைச்சிட்டன் போலை. சுருக்கமாச் சொல்லியிருக்கலாம்" என்றார். இத்தனை பேரிலும் தன்னில் பிழை தேடியவர் அவர் ஒருவர்தான்.

மொழிபெயர்ப்பாளரின் தஞ்சக் கோரிக்கையை ரோம் நிராகரித்தது. சட்டத்தரணி அவர் சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் அனுப்பியிருந்தார். ஆனால் அவர் எங்கும் போகவில்லை. பிறகு ஒருமுறை, வேலை கொடுக்கிறவரின் கடிதம் இருந்தால் பெர்மெஸ்ஸோ தருவோம் என்று அரசாங்கம் அறிவித்தபோது, எங்களில் மிச்சப்பேரோடு அவரும் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்கு முன்னால் வரிசையில் நின்று எடுத்துக்கொண்டார். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. படிக்கட்டைக் கழுவுகிறாயா என்றுதான் கேட்டார்கள், அவர் கழுவினார். எனக்குத் தாங்கமுடியாதது வேறு. சில வருடங்களுக்குள் எங்கள் ஆட்களின் ஒன்றுகூடல்களில் அவர் முன்வரிசைக்கு வந்துவிட்டார். மூன்று மொழி தெரிந்த பெரியவர், அழகான கையெழுத்து, அடிபட்ட தழும்பு. இராணுவ ஆட்சியில் எங்கள் சனம் பட்ட பாட்டைப் பற்றிப் பேச யாராவது வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் பேச, பிரான்காச்சோவில் இருந்து பஸ் பிடித்து வந்த தாய்மார் கண்ணைத் துடைத்தார்கள். நான் இரண்டு மூன்று பேரிடம் உள்ளதைச் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் பழைய கதை அக்கா, அவரும் என்ன செய்யிறது, அந்த நேரம் அப்பிடி" என்றார்கள். அந்த நேரம் அப்படித்தான். அந்த நேரத்தில்தான் அத்தானும் இருந்தார்.

அவரோடு நான் கடைசியாகக் கதைத்தது, தொண்ணூறுகள் முடிகிற ஒரு கோடைகாலத்தில். சிஞ்ஞோராவின் குடும்பம் மொண்டெல்லோக் கடற்கரையில் வீடு எடுத்திருந்தது. நான் காலையில் அங்கே போக பஸ்ஸுக்கு நின்றேன். துவாயும் குடையுமாகக் கடலுக்குப் போகிற சனம் நிறைந்து நின்ற இடத்தில், வெள்ளைச் சட்டையோடு அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். கடற்கரையில் உடைமாற்றும் அறைகளைக் கழுவுகிற வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார்.  அவர் கொஞ்சம் நெருங்கி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"தங்கச்சி, அண்டைக்கு அந்த லோயர் மனிசிக்கு முன்னாலை நீர் என்னை மாட்டிவிட்டனீர். அதை நான் மனசிலை வைச்சிருக்கேல்லை. உம்மிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. நான் மன்னிச்சிட்டன்."

உண்மையாகத்தான் சொன்னார். அவருடைய கண்ணில் ஈரம்கூட இருந்தது. அவருக்கு நான் சொல்லக்கூடிய பதில்கள் எனக்குள் நிறைய இருந்தன. தமிழிலும் இருந்தன, இத்தாலியனிலும் இருந்தன. பஸ் வந்தது. சனம் முண்டியடித்து ஏறியது. அவர் எப்படியோ ஒரு சீற்றைப் பிடித்து, பக்கத்துச் சீற்றில் தன் பையை வைத்து, யன்னலால் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். "வாரும், இஞ்சை இடம் இருக்கு!"

சாரதி எனக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார். நான் தலையசைத்து, போகச் சொன்னேன். அடுத்த பஸ் வர நாற்பது நிமிடம் எடுத்தது. அதுவரை வெயிலில் நின்றேன்.